பாலிமர் சங்கிலிகளை ஆராய லாம்ப்ஸ் எந்த அளவுக்கு ஏற்றது?

பாலிமர் சங்கிலிகள், அதாவது சிறு அலகுகள் தொடராக இணைந்த நீண்ட மூலக்கூறுகள், எப்படி வடிவம் மாறுகின்றன, எப்படி நகர்கின்றன என்பதைக் கணினியில் ஆராய நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படும் மென்பொருள் லாம்ப்ஸ் (LAMMPS). அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் 1990களின் நடுப்பகுதியில் உருப்பெற்று, ஸ்டீவ் பிளிம்ப்டனும் மற்றவர்களும் வளர்த்தெடுத்த இந்த மூலக்கூற்று இயக்கவியல் (துகள்களின் நகர்வைப் படிப்படியாகக் கணக்கிடும்) மென்பொருள், கட்டற்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உலோகம், நீர், புரதம் என அது கையாளும் பொருள்கள் ஏராளம்; இங்கே நெகிழ்வான சங்கிலிகளையும் ஓரளவு விறைப்பான சங்கிலிகளையும் மட்டும் வைத்து அதை மதிப்பிடுகிறேன்.

சங்கிலியை மணிகள் கோத்த மாலையாகக் கருதி, கிரெமர், கிரெஸ்ட் என்னும் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட மணிச் சங்கிலி மாதிரிக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு மணியும் அடுத்ததுடன் ஓர் எல்லைக்கு மேல் நீளாத சுருள்வில்லால் பிணைக்கப்பட்டிருக்கும். எல்லா மணிகளும் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளும். எனவே ஒரு சங்கிலி இன்னொன்றின் ஊடே வெட்டிக்கொண்டு போக முடியாது. மென்பொருளுடன் வரும் வேகச் சோதனைகளில் ஒன்றே 100 மணிகள் கொண்ட சங்கிலிகளாலான, மொத்தம் 32,000 மணிகளுள்ள பாலிமர் உருகல்தான் (கரைப்பான் இல்லாமல் சங்கிலிகள் மட்டுமே நெருங்கி நிறைந்த திரவம்) என்பதால், புதியவர்கள் வெறுங்கையுடன் தொடங்க வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. ஃபீன் எனப்படும் அந்தப் பிணைப்பின் சூத்திரத்திலேயே அண்டை மணிகளுக்கிடையிலான விலக்கமும் அடங்கியிருப்பதால், ஒரே சங்கிலியில் அருகருகே உள்ள மணிகளின் விலக்கத்தில் எவற்றைச் சேர்ப்பது என்று சொல்லும் 'ஸ்பெஷல் பாண்ட்ஸ்' கட்டளையில் அண்டை மணிகளையும் சேர்த்துவிட்டால் அந்த விலக்கம் இரண்டு முறை கணக்கில் சேர்ந்துவிடும்; கட்டளையையே விட்டுவிட்டாலோ இரண்டாம், மூன்றாம் அண்டை மணிகளுக்கிடையிலான விலக்கம் விடுபட்டுவிடும். நிரல் இதை எச்சரிக்கிறது, ஆனால் நிறுத்துவதில்லை. நிறுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

விறைப்பைச் சேர்ப்பது எளிது. சங்கிலி வளைவதை எதிர்க்கும் கோசைன் வகைக் கோண ஆற்றலை ஓரிரு வரிகளில் கொடுத்தால் போதும். அதன் வலிமையை வெப்ப ஆற்றலின் மடங்காகக் கூறினால், வலிமை அதிகமாக உள்ளபோது அந்த மடங்குதான் ஏறத்தாழ விறைப்பு நீளம், அதாவது சங்கிலி தன் திசையை மறக்காமல் செல்லும் தொலைவு, பிணைப்பு நீளத்தின் அலகில். டிஎன்ஏவுக்கு அந்த நீளம் சுமார் 50 நானோமீட்டர். ஆக்டின் இழைக்கோ பத்து மைக்ரோமீட்டருக்கும் மேல். இவ்விரண்டையும் ஒரே கட்டளையில் ஓர் எண்ணை மாற்றிக் குறிக்க முடிவது பெரிய வசதி. இங்கே கோணம் மூன்று மணிகளுக்கிடையிலான உட்கோணம் என்பதால் நேர்க்கோடு 180 டிகிரியாகும். ஆய்வுக் கட்டுரைகளில் பலர் அதைச் சுழியாக எழுதுவதால், சூத்திரத்தை அப்படியே பெயர்த்து எழுதுவோர் குறியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விறைப்பைக் கூட்டக் கூட்டக் காலப்படியையும், அதாவது கணக்கீட்டின் ஒவ்வொரு படியும் கடக்கும் நேரத்தையும், குறைக்க வேண்டியிருக்கும்.

வடிவத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. நல்ல கரைப்பானில் (சங்கிலி சுருளாமல் விரிந்து நிற்கும் கரைப்பானில்) உள்ள நெகிழ்வான சங்கிலியின் அளவு மணிகளின் எண்ணிக்கையின் 0.588 அடுக்கிலும், உருகலில் 0.5 அடுக்கிலும் வளர வேண்டும் என்பது கோட்பாடு. போதிய நேரம் ஓடவிட்டால் இரண்டையும் பெறலாம். அசைவுதான் சிக்கலானது. பெரும்பாலோர் கரைப்பானை விட்டுவிட்டு அதற்கு ஈடாக லாஞ்செவின் முறைப்படி உராய்வையும் தற்போக்கு விசையையும் மட்டும் சேர்க்கிறார்கள். அப்போது ஒரு மணியின் அசைவு நீரோட்டத்தின் வழியாக இன்னொரு மணியை எட்டுவதில்லை; சங்கிலி ரூஸ் விதிப்படி நகர்கிறது. மணிகளை இரட்டிப்பாக்கினால் விரவல் வேகம் பாதியாகிறது. உண்மையான நீர்த்த கரைசலிலோ, நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ளும் சிம் கோட்பாட்டின்படி, அது மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறையும். சங்கிலிகள் நெருங்கி நின்று இந்த நீரோட்டத் தாக்கத்தை மறைத்துவிடும் உருகலில் இந்த வேறுபாடு பொருட்டில்லை. நீர்த்த கரைசலை ஆராய்பவர்கள் நீரோட்டத்தைக் கட்டவலையில் கணக்கிடும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன் தொகுப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது கரைப்பானையும் மணிகளாகவே நிரப்ப வேண்டும். இரண்டும் நேரத்தை விழுங்குபவை.

தனிச் சங்கிலிக்கு வேறொரு பாதகமும் உண்டு. லாம்ப்ஸ், மணிகளை இட்டுக் கணக்கிடும் கற்பனைப் பெட்டியின் வெளியைத் துண்டுகளாக்கிச் செயலிகளுக்குப் பங்கிடுகிறது. உருகல் பெட்டி முழுவதையும் நிறைப்பதால் அது அருமையாக வேலை செய்கிறது, ஆனால் வெற்றுப் பெட்டியில் மிதக்கும் ஒற்றைச் சங்கிலிக்குப் பெரும்பாலான செயலிகள் சும்மா இருக்கும். நல்ல கரைப்பானில் சங்கிலி தன் பழைய வடிவத்தை மறக்க ஆகும் காலமும் மணிகளின் எண்ணிக்கையின் ஏறத்தாழ 2.2 அடுக்கில் கூடுவதால், நீளத்தை இரட்டிப்பாக்கும்போது மொத்தக் கணக்கீடு ஒன்பது மடங்குக்கும் மேலாகிவிடும்.

ஆவணங்கள் விரிவானவை; ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. சங்கிலி எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவான சுழற்சி ஆரத்தைச் சங்கிலிவாரியாக மென்பொருளே கணக்கிட்டுத் தருகிறது. ரூஸ் அலைப்பாங்குகள் (சங்கிலியின் அசைவை அலைகளாகப் பிரித்துப் பார்ப்பவை), விறைப்பு நீளம் போன்றவற்றுக்குப் பைத்தானில் ஒரு சிறு நிரலை நாமே எழுதிக்கொள்வது நல்லது. அதற்கு ஆயங்களைச் சேமிக்கும்போது பெட்டிக்குள் மடித்தவற்றை (ஒரு பக்கம் வெளியேறிய மணியை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து குறிப்பவற்றை) விட்டுவிட்டு, மடிக்காத ஆயங்களையே கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் எல்லையைக் கடந்த சங்கிலியின் முனைகளுக்கிடையிலான தொலைவு முற்றிலும் பிழையாக வரும்.