ஆச்சி கடை வெள்ளைப் பணியாரமும் எங்கள் ஒரு புள்ளித் தோல்வியும்

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டிச் சந்துக்குள் போனால், ஒரு பழைய வீட்டு முகப்பில் காலை ஐந்தரைக்கே அடுப்பு எரியும். பெயர்ப்பலகை கிடையாது. ஆச்சி கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான்கு வருடமாகக் காலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கேதான் வருகிறேன். எத்தனை நாள் சாப்பிட்டேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

வெள்ளைப் பணியாரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கிற அளவுக்கு உளுந்தைக் கோபுரமாக வைக்கும் பழைய அளவை ஆச்சி இன்னும் மாற்றவில்லை. மாவு வெண்ணெய் மாதிரி அரைபட்டிருக்கும். எண்ணெயில் ஊற்றியதும் உப்பி மேலே வரும். ஓரம் மட்டும் லேசாக மொறுமொறுக்கும், நடுவில் பஞ்சு. நிறம் மாறவே கூடாது, சிவந்தால் அது வெள்ளைப் பணியாரமே இல்லை என்பது ஆச்சியின் கணக்கு. தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த சட்னி. ஓடி வந்த பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் அதிகக் காரம்தான், தண்ணீரை இரண்டு சொம்பு முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். இட்லிக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி கொடுப்பார்கள், அது மிக நன்றாக இருக்கும். டீ சுமார். பணியாரம் ஒன்று பத்து ரூபாய்.

குறை என்றால் நேரம். வெள்ளைப் பணியாரத்தைக் கூட்டமாகப் போட முடியாது. ஒரு கரண்டி ஊற்றி, அது எழும்பி, திருப்பிவிட்டு எடுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று என்றால் முப்பத்தாறு. முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பள்ளிக்கு நேரமாகிறதே என்று முதல் வருடம் எனக்குப் படபடப்பாக இருக்கும். இன்னொரு அடுப்பு போடலாமே ஆச்சி என்று கேட்டும் பார்த்தேன். "ரெண்டு சட்டியையும் நானே பாக்க முடியாது டீச்சர், ஒண்ணு கருகிப்போகும்" என்றார். சரி, காத்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு நாள் செல்போனை எவர்சில்வர் தூக்கில் சாய்த்து வைத்து ஆட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை காலையில் சில்லென்று இருக்கும். பன்னிரண்டு பேரும் அதில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டி. மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். பெண்கள் பிரிவில் 68 அணிகள், எல்லாமே நாக்-அவுட். நம் குறுவட்டப் போட்டியும் வருவாய் மாவட்டப் போட்டியும் மாதிரியேதான், ஒரு நாள் சரியில்லை என்றால் அந்த வருடமே போய்விடும். அதனால்தான் அதைப் பார்க்கச் சொல்கிறேன். பெண்கள் இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் ஆச்சி கடையில் அதன் முக்கியப் பகுதிகளைப் பார்ப்போம். ஆண்கள் இறுதி ஆட்டம் செவ்வாய் காலை ஆறரை வாக்கில் நேரலையாகவே வரும், சிக்னல் கிடைத்தால். கடைக்குள் சிக்னல் மோசம், திண்ணை ஓரம் மட்டும்தான் எடுக்கும். இணையம் நம்பிப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

திண்ணையில் தினமும் டீ குடிக்கும் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் உண்டு. எங்களோடு சேர்ந்து பார்ப்பார். அவர் கேட்பது ஒரே கேள்வி: "இந்தக் கோச் எத்தனை கோப்பை வாங்கியிருக்கார்?" எங்கள் பள்ளியில் பெற்றோர் என்னிடம் கேட்பதும் அதையேதான்.

எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜீனோ ஆரியெம்மா 1985இல் பொறுப்பேற்று, 2025 வரை 12 பட்டம் வாங்கியிருக்கிறார். டென்னசியின் பேட் சம்மிட் 8. தென் கரோலினாவின் டான் ஸ்டேலி 2017, 2022, 2024 என்று 3. இதெல்லாம் சும்மா வந்துவிடாது. ஆனால் என் பிள்ளைகளிடம் நான் சொல்வது அந்தப் பட்டங்களுக்கு இடையில் கிடக்கும் வருடங்களைப் பற்றி.

பேட் சம்மிட் 1974இல் 22 வயதில் டென்னசிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆரம்பத்தில் அணி வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். முதல் தேசியப் பட்டம் 1987இல்தான், பதின்மூன்று வருடம் கழித்து. நானும் ஜெர்சியை வீட்டில்தான் துவைத்துக் காயப்போடுகிறேன், அதனால் இந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு ஒரு சொந்தக்காரி மாதிரி. ஆரியெம்மாவின் அணி 111 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்துவிட்டு, 2017 அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 66-64 என்று தோற்றது. கடைசி நொடியில் வெற்றிப் பந்தைப் போட்ட மிசிசிப்பி வீராங்கனை மார்கன் வில்லியம் ஐந்தடி ஐந்தங்குலம்தான். அதைப் பார்த்த அன்று எங்கள் குட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். 2016இல் பட்டம் வாங்கிய அதே ஆரியெம்மாவுக்கு அடுத்த பட்டம் 2025இல்தான் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் தென் கரோலினாவை 82-59 என்று ஜெயித்தார்கள்.

இப்போது அந்த ஒரு புள்ளி விஷயம். வருவாய் மாவட்ட அரையிறுதியில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ஏழு விநாடி மிச்சம். எங்கள் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள், ஒன்பதாம் வகுப்புப் பெண். அவளுக்கு இரண்டு ப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் வளையத்தில் எறியும் வாய்ப்பு, கிடைத்தது. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. திரும்பி வந்த பந்தை எதிரணி எடுத்தது, விசில் அடித்துவிட்டார்கள். மறுநாள் பயிற்சி வைக்கவில்லை, இருந்தாலும் எல்லாரையும் ஆச்சி கடைக்கு வரச் சொன்னேன். அந்தப் பெண் வந்தாள், தட்டைத் தொடவில்லை. "ஏன் ஆத்தா, மாவு புளிச்சிருக்கா?" என்று ஆச்சி கேட்டதும் அழுதுவிட்டாள்.

அன்றைக்கு நான் போட்டுக் காட்டியது ஸ்டான்ஃபோர்டில் 2024 வரை பயிற்சியாளராக இருந்த டாரா வான்டர்வீரின் கதை. 1990, 1992 என்று இரண்டு பட்டம் வாங்கியவர். 1998 தேசியப் போட்டியில் அணிகளைப் பதினாறு பதினாறாகப் பிரித்திருந்தார்கள், அவருடைய அணி தன் பகுதியில் முதல் தரவரிசை. முக்கியமான இரண்டு பேர் காயத்தில் வெளியே இருந்தார்கள். சொந்த அரங்கில், அதே பகுதியில் கடைசியாக, பதினாறாம் தரவரிசையில் இருந்த ஹார்வர்டிடம் 71-67 என்று முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். முதல் தரவரிசை அணி ஒன்று அப்படித் தோற்றது அதுதான் முதல் தடவை. அவர் வேலையை விடவில்லை. அதன்பிறகு எத்தனையோ முறை அரையிறுதி வரை போய்த் திரும்பினார். 2021இல் கொரோனாக் கட்டுப்பாட்டால் சொந்த அரங்கில் ஆட முடியாமல் வாரக் கணக்கில் வெளியூர்களில் தங்கிப் பயிற்சி செய்த அணியோடு வந்து, அரையிறுதியில் தென் கரோலினாவை 66-65, இறுதியில் அரிசோனாவை 54-53 என்று ஜெயித்தார். இரண்டும் ஒரே ஒரு புள்ளி. அரிசோனாவின் கடைசி வீச்சு உள்ளே போயிருந்தால் பட்டமே மாறியிருக்கும். இருபத்தொன்பது வருடம் கழித்து வந்த மூன்றாவது பட்டம் அது.

வங்கிக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மூணுதானா?" என்று கேட்டார். ஆமாம், மூன்றுதான். எனக்கு ஆரியெம்மாவின் பன்னிரண்டை விட அந்த மூன்று பெரிதாகத் தெரிகிறது, அது என் கருத்து. பிள்ளைகளில் பாதிப் பேர் ஆரியெம்மா பக்கம், இன்றுவரை சண்டை தீரவில்லை.

ஆச்சி பார்வையாளர் இல்லை, அவருக்கு வளையம் எது பலகை எது என்று தெரியாது. ஆனால் செல்போனில் அரிசோனாவின் அந்தக் கடைசி வீச்சு தவறியபோது சட்டுவத்தோடு எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு பணியாரம் சிவந்துவிட்டது. அதை எடுத்து எங்கள் பாயிண்ட் கார்டு தட்டில் போட்டு, "இது விக்காது, நீ சாப்பிடு" என்றார். சாப்பிட்டாள். அந்த வாரமே தினமும் பயிற்சி முடிந்து ஐம்பது ப்ரீ த்ரோ தனியாகப் போட ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். ஒன்பதரைக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், பணியாரம் எட்டரைக்கே தீர்ந்துவிடும். கார் சந்துக்குள் வராது, கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். செல்போனில் பணம் அனுப்புவது சிக்னலைப் பொறுத்தது, கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவ முற்றத்துக்குப் போக வேண்டும், பெரியவர்களுக்கு அந்தப் படி உயரம். பத்துப் பேருக்கு மேல் போவதாக இருந்தால் முதல் நாள் சாயங்காலமே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், ஆச்சி அதற்கேற்ப அரிசி ஊறவைப்பார். வழக்கமாகச் செவ்வாய், வியாழன் காலை ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை முகப்புத் தரை முழுக்க எங்கள் பிள்ளைகள் இருப்பார்கள். திண்ணையில் இடம் இருக்கும், தாராளமாக வாருங்கள்.