ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வண்டி: பல வருஷப் பயணியின் அனுபவம்

சென்னை கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயிலைத் திங்கள் முதல் சனி வரை பயன்படுத்துகிறவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் நல்லதெல்லாம் எனக்கும் சம்மதம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து ரூபாய். அந்தக் காசுக்கு இந்த ஊரில் ஒரு நல்ல காபி கிடைக்காது. ஆனால் எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. நுங்கம்பாக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை, வீடு கூடுவாஞ்சேரியில். ஆக, ஞாயிறு எனக்கு முழு வேலை நாள். ஊர் தூங்கும் நாளில் இந்த ரயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். இது அந்த ஞாயிறுகளைப் பற்றி மட்டும்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒன்று. இந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனி அட்டவணை உண்டு, வண்டிகள் குறைவு. தாம்பரம் வரைக்கும் பெரிதாகத் தெரியாது. ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடும். தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் உறைக்கும். வார நாளில் கால் மணி, இருபது நிமிடம் என்று இருக்கும் இடைவெளி ஞாயிறன்று அரை மணி ஆகும், மதிய நேரத்தில் அதற்கு மேலும் போகும். பொங்கல், தீபாவளி, குடியரசு தினம் மாதிரியான நாட்களிலும் 'ஞாயிறு அட்டவணைப்படி இயங்கும்' என்று ஒரு வரி அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் வழக்கமான நேரத்துக்கு வந்து நிற்கும் ஒரு கூட்டத்தை ஒவ்வொரு பண்டிகைக்கும் பார்க்கலாம்.

இதற்கு மேல்தான் பராமரிப்புப் பணிக்கான ரத்துகள். இதில் நான் ரயில்வே பக்கம்தான் பேசுவேன். அதிகாலை நான்கு மணி வாக்கில் ஓடத் தொடங்கி நள்ளிரவு வரை வண்டி ஓடும் தடம் இது. மேலே கம்பியில் 25,000 வோல்ட். அதை அணைத்துவிட்டுத்தான் கம்பி வேலை பார்க்க முடியும். ஜல்லியைச் சலித்துப் போடுவது, தண்டவாளத்தை மாற்றுவது, தடம் பிரியும் இடத்து பாயின்ட்டை மாற்றுவது எல்லாம் ராத்திரி கிடைக்கும் மூன்று, நாலு மணி நேரத்தில் முடிகிற காரியமா? பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கே பாதி நேரம் போய்விடும். ஆகவே ஞாயிறு பகல். மும்பையிலும் இதே கதைதான். அங்கே 'மெகா பிளாக்' என்று பேரே வைத்து வாராவாரம் ஞாயிறன்று செய்கிறார்கள். எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அந்த ஊர்க்காரர்கள் சனிக்கிழமையே பேசிக்கொள்வார்கள்.

நம்மூரிலும் அப்படி ஒழுங்காக நடந்த நாட்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோடம்பாக்கம் – தாம்பரம் இடையே வேலை நடந்தது. பகல் 11 மணியிலிருந்து மூன்றேகால் வரை கடற்கரை – தாம்பரம் வண்டிகள் இல்லை. சுத்தமாக இல்லை. கேட்டால் கொடுமையாகத் தோன்றும். எனக்கோ இருப்பதிலேயே சுலபமான ஞாயிறுகள் அவைதான். பதினொன்றுக்கு முன்னால் போய்விட வேண்டும், மூன்றேகாலுக்குப் பிறகு திரும்ப வேண்டும், நடுவில் அவசரம் என்றால் எழும்பூரிலோ கிண்டியிலோ மெட்ரோ பிடித்து விமான நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏற வேண்டும். திட்டம் போட முடிகிறது. மாநகரப் பேருந்தும் கூடுதலாக விட்டார்கள்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது இன்னொரு வகை. முழு ரத்து கிடையாது. சில வண்டிகள் ரத்து, சில வண்டிகள் 'பகுதி ரத்து', சில வண்டிகள் எக்ஸ்பிரஸ் ஓடும் மெயின் லைனில் திருப்பிவிடப்படும். மெயின் லைனில் எல்லா நிலையத்திலும் நிற்க முடியாது. ஆகவே மாம்பலத்தில் ஏறியவர் பழவந்தாங்கலில் இறங்க முடியுமா என்பது அந்த நேரத்து அறிவிப்பைப் பொறுத்தது. பகுதி ரத்து என்றால் செங்கல்பட்டு வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும். பெட்டி நிறைய பெருங்களத்தூர், வண்டலூர், பொத்தேரி, மறைமலைநகர் ஆட்கள். அத்தனை பேரும் தாம்பரத்தில் இறங்கி, அடுத்த செங்கல்பட்டு வண்டி எந்த நடைமேடை என்று மேலே நடைபாலத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் ஞாயிறும் ஷிப்ட் உண்டு. மதிய ஷிப்டுக்குப் போகிறவர்கள் அப்போது படும் அவசரத்தைப் பார்த்தால் நமக்கே பதறும்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மாம்பலத்தில் ரெங்கநாதன் தெருக் கூட்டத்தோடு நின்றிருந்தேன். இரண்டு பெரிய துணிக்கடைப் பைகளோடு ஓர் அம்மா கேட்டார், "தம்பி, செங்கல்பட்டு வண்டி எப்பப்பா?" போர்டில் தாம்பரம் என்று காட்டுகிறது. ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்த அறிவிப்பு, எதிர்த் தடத்தில் எக்ஸ்பிரஸ் போன சத்தத்தில் கரைந்துபோனது. போனில் இருந்த ரயில் செயலி வழக்கமான நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. "இது தாம்பரம் வரைக்கும்தாம்மா, ஏறிக்குங்க, அங்கே போய் மாறிக்கலாம்" என்றேன். தாம்பரத்தில் நாங்கள் இறங்கும்போது மணி ஒன்றே கால். அடுத்த வண்டி வர ஏறக்குறைய முக்கால் மணி ஆனது. அதற்குள் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அறிவிப்பே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வரும், பேப்பரிலும் வரும், நிலையத்திலும் ஒட்டுவார்கள். அதைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாலில் தொடங்கும் ஐந்திலக்க வண்டி எண்கள், ஒவ்வொன்றுக்கும் புறப்படும் இடத்து நேரம். மின்சார ரயிலில் போகிற எவனுக்கு வண்டி எண் தெரியும்? நமக்கு அது 'ஒன்பது அஞ்சு செங்கல்பட்டு', அவ்வளவுதான். அந்த ஒன்பது அஞ்சும் நம் நிலையத்து நேரம். கடற்கரையில் புறப்படும் நேரத்தைக் கொடுத்தால், நான் மாம்பலத்தில் நின்றுகொண்டு இருபத்துச் சொச்சம் நிமிடத்தைக் கூட்டி, அதில் எது ரத்து, எது பகுதி ரத்து என்று கழித்து, மிச்சம் எப்போது வண்டி என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. குரூப் 4 எழுதப் போகும் பிள்ளைக்கு? 2024இல் அந்தத் தேர்வு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குள் ஹாலில் இருக்க வேண்டிய பரீட்சைக்கு இந்தக் கணக்கு ஒரு கூடுதல் தாள்.

2024 ஜூலை, ஆகஸ்ட்டையும் சொல்ல வேண்டும். தாம்பரம் யார்டு சீரமைப்புக்காக ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 14 வரை என்று ஆரம்பித்து, 18 வரை நீட்டினார்கள். கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரை ஒரு துண்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ஒரு துண்டு, நடுவில் ரயில் இல்லாத நேரங்கள். அந்த நடுப்பகுதிக்குப் பஸ் விட்டார்கள். பல்லாவரத்தில் இறங்கும் ஒரு வண்டிக் கூட்டத்தை ஏற்ற எத்தனை பஸ் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கட்டில் ஒருவர் தோளில் இன்னொருவர் பை. ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலை முடிந்த பிறகு தாம்பரத்துக்கு வெளியே சிக்னலுக்காக நின்று காயும் நேரம் எனக்குக் குறைந்திருக்கிறது. பட்ட பாட்டுக்கு ஏதோ கிடைத்தது.

கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில் பயணிகளைப் பார்த்தால் நாங்கள் பரவாயில்லை. கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 அன்று கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை துண்டை மூடினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திறந்தது 2024 அக்டோபர் 29. வேளச்சேரியிலிருந்து வரும் என் சக ஊழியர் ஒருவர் நடுவிலேயே பைக் வாங்கிவிட்டார், இன்றுவரை ரயிலுக்குத் திரும்பவில்லை. ஒரு தடத்தை மூடினால் போகும் ஆட்கள் திறந்ததும் அப்படியே வந்துவிடுவார்கள் என்று நினைப்பது தப்பு.

ஏசி வண்டி பற்றிக் கேட்பார்கள். 2025 ஏப்ரல் 19 முதல் ஓடுகிறது, குறைந்தபட்சம் 35 ரூபாய், கடற்கரை – செங்கல்பட்டு 105. ஆரம்பித்தபோது ஞாயிறு கிடையாது. வாரத்தில் மற்ற நாள் வியர்வைக்கு அது நல்ல மருந்து. என் பிரச்சினைக்கு அல்ல.

சீசன் டிக்கெட் இன்னும் எடுக்கிறேன். ரத்தான ஞாயிறுகளுக்குப் பணம் திரும்பாது. ஆனாலும் வேறு எதோடு ஒப்பிட்டாலும் இதுதான் மலிவு. ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஒரு ஜாக்கிரதை: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு ஊருக்குப் போகிற கூட்டமும் இந்த வண்டிகளில்தான். ஐந்து மணிக்கு மேல் பெட்டி, மூட்டை, தூக்கத்தில் இருக்கும் குழந்தைகளோடு வண்டலூர் வரைக்கும் கதவுப்பக்கம் அடைத்துக்கொண்டிருக்கும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் இறங்குகிறவர்கள் உள்ளே போய் உட்காராமல் இருப்பது நல்லது.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும்: இங்கிருந்து தாம்பரம் தாண்டிப் போகும் வண்டி இத்தனை மணிக்குப் பிறகு இத்தனை மணிக்குத்தான். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினாலும் சரி.

அப்புறம், வாடகை குறைவு என்று தாம்பரத்துக்கு அப்பால் வீடு பார்க்கிறவர்கள், உங்கள் வார விடுமுறை ஞாயிறு இல்லையென்றால், ஒரு ஞாயிறு மதியம் ரயிலில் போய் அந்த வீட்டைப் பாருங்கள். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுங்கள்.