அமெரிக்க இலக்கியம்: மெட்டீரியலா, மூலநூலா?

டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வில் ஆங்கிலம் எழுதுபவர்களுக்கு 150 கேள்விகள், மூன்று மணி நேரம். பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. அமெரிக்க இலக்கியம் அந்த 110-க்குள் ஒரு பகுதிதான். "இதுக்குப் போய் புத்தகம் முழுசாப் படிக்கணுமா, கோச்சிங் மெட்டீரியல் போதாதா?" என்று கேட்பதில் தப்பில்லை. எந்த வகை எழுத்து என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நாவல் என்றால் நான் மெட்டீரியல் கட்சி. 'மோபி டிக்' 135 அத்தியாயம். நடுவில் கதை நின்றுபோய், திமிங்கிலத்தைப் பற்றிய பாடமே பக்கம் பக்கமாக ஓடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குக் கட்டுப்படியாகாது. கதை சொல்பவன் இஷ்மேல், கேப்டன் ஏஹாப், கப்பல் பீக்வாட், கதைச் சுருக்கம், அவ்வளவு போதும்.

ஆனால் மெட்டீரியலில் வரும் ஆண்டு அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 'ஸ்கார்லெட் லெட்டர்' 1850, 'மோபி டிக்' 1851, 'வால்டன்' 1854, 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' 1855 என்று இவ்வளவு நெருக்கமாக வரும்போது ஓர் ஆண்டு பிசகினாலும் வரிசை மாறிவிடும். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' ஒன்றில் 1884, இன்னொன்றில் 1885 என்று இருக்கும். இரண்டுமே சரி: முதலில் இங்கிலாந்தில் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவில்.

கவிதையில் நிலைமை தலைகீழ். ஃப்ராஸ்டின் 'மெண்டிங் வால்' மொத்தமே 45 வரி. நல்ல வேலி இருந்தால்தான் அக்கம்பக்கம் நன்றாக இருக்கும் என்ற வரியை ஃப்ராஸ்டின் கருத்தாகவே மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. கவிதையில் அதைச் சொல்வது பக்கத்துத் தோட்டக்காரர். கவிதைசொல்லியோ சுவர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை எந்தச் சுருக்கத்தைவிடவும் பத்து நிமிட வாசிப்பு நன்றாகக் காட்டிவிடும். விட்மன், டிக்கின்சன் விஷயத்தில் மட்டும் மூலத்தோடு கொஞ்சம் மெட்டீரியலும் வேண்டும். விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' 1855 பதிப்பில் இருந்த 12 கவிதைகளுக்கும் தனித் தலைப்பு கிடையாது, 'சாங் ஆஃப் மைசெல்ஃப்' என்ற பெயர் 1881-இல்தான் வந்தது, டிக்கின்சனின் முதல் தொகுப்பு அவர் இறந்து நான்கு வருடம் கழித்து 1890-இல் வெளியானது என்பதெல்லாம் கவிதைக்குள் கிடைக்காது.

நாடகம் ஒரு மாலையில் முடிந்துவிடும், நேராகவே படித்துவிடலாம். எமர்சன் கட்டுரை மெதுவாகத்தான் நகரும். 'செல்ஃப் ரிலையன்ஸ்' ஒன்றையாவது பென்சிலும் கையுமாகப் படியுங்கள்.

பழைய வினாத்தாள் மட்டும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க அது உதவும், ஓட்டையை அடைக்காது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எமர்சன் முதல் ட்வைன் வரை 'புராஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்தில் இலவசம். 'மெண்டிங் வால்' உள்ள 1914 தொகுப்பும் அங்கே உண்டு. நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லருக்குப் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை, அவருக்கு நூலகம்தான்.