23 நாளுக்கு ஒரே கேபின் பெட்டி: நான்கு வருடம் கழித்து

போன வாரம் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் விமானத்துக்குள்ளேயே எடுத்துப்போகும் என் கேபின் பெட்டிக்கு இரண்டு சக்கரம் மாற்றி வாங்கிவந்தேன். அதைப் பார்த்த சித்தி மகன், "அக்கா, மூணு வாரம் ஐரோப்பா போறேன். இதே மாதிரி ஒண்ணு போதுமா?" என்று கேட்டான். அப்போது சொன்ன பதிலில் கோபம் கலந்துவிட்டது. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நல்லது. நான்கு வருடத்தில் எந்த விமானத்திலும் மேல் தட்டில் அடங்காமல் போனதில்லை. ஜிப் இன்றும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 23 நாள் பயணமாகப் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் இறங்கிய அன்று எல்லோரும் லக்கேஜ் வரும் பெல்ட் அருகே காத்து நிற்க, நான் நேராக மெட்ரோவுக்கு நடந்தேன். அந்த நிம்மதி இந்தப் பெட்டி கொடுத்தது.

ஆனால் எடை! வெறும் பெட்டியே 3.1 கிலோ. நம் ஊரிலிருந்து கிளம்பும் பல எகானமி டிக்கெட்டுகளில் கேபின் பைக்கு 7 கிலோதான். அப்படியானால் 23 நாளுக்கான என் துணிமணிக்கு மிஞ்சியது 3.9 கிலோ. பெட்டி தன்னைச் சுமக்கவே கிட்டத்தட்ட பாதியை எடுத்துக்கொள்கிறது. மூன்று குர்த்தி, இரண்டு பேன்ட், உள்ளாடை, மாத்திரை, சார்ஜர், பவர் பேங்க். கடைசியாகச் சொன்னதைச் செக்-இன்னில் போடவும் கூடாது. கனமான ஷூவையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டே ஏறினேன். அம்மா கிளறிய தக்காளித் தொக்கு கேபின் பைத் திரவங்களுக்கான 100 மில்லி கணக்கில் சிக்கும் என்பதால் வீட்டிலேயே தங்கிவிட்டது. பருப்புப் பொடிதான் கூட வந்தது.

இத்தனை குறைவான துணியில் என்னைக் காப்பாற்றியது ஓர் ஈரிழைத் துண்டு. இரவு துவைத்த குர்த்தியை அதற்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் ஈரம் பெரும்பாலும் துண்டுக்குப் போய்விடும். குர்த்தி காலையில் காய்ந்திருக்கும், துண்டும் காய்ந்திருக்கும். தடித்த டர்க்கி டவலால் இது முடியாது. ஜீன்ஸ் எடுத்துப்போகாதே தம்பி, போர்ச்சுகலின் போர்த்தோ நகர மழையில் இரண்டு நாளானாலும் காயாது.

அடுத்த வருத்தம் சக்கரம். லிஸ்பன் நடைபாதைகளில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லையும் கறுப்பு பசால்ட் எரிமலைக்கல்லையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதித்திருக்கிறார்கள். நின்று பார்க்க வேண்டிய அழகு. பெட்டியின் குட்டிச் சக்கரங்களோ ஒவ்வோர் இடுக்கிலும் மாட்டின. அந்த ஊரின் மேட்டுப் பகுதியான அல்ஃபாமாவின் ஏற்றத்தில் இழுக்க முடியவில்லை, இறக்கத்தில் விட்டால் தானாக ஓடியது. 28ஆம் எண் டிராமில் நிற்கவே இடமில்லை. படிக்கட்டுகளில் கையில் தூக்கியே ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் ஒரு சக்கரத்தில் விரிசல். அதையே இழுத்து இழுத்துப் பக்கத்துச் சக்கரமும் தேய்ந்தது. தயாரித்த நிறுவனம் சக்கரத்தைத் தனியாக விற்பதில்லை என்று கைவிரித்துவிட்டது. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு இதைச் செய்வது நியாயமே இல்லை. பாரிமுனைக்காரர் தேடிப் பிடித்துப் போட்ட சக்கரங்கள் பழையதைவிட ஒரு நூல் பெரிது. பெட்டி லேசாக முன்னால் சாய்ந்து நிற்கிறது.

ஆகவே தம்பி, வாங்காதே. ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு முதுகுப்பை பார். தோள்வலி இருந்தால், பெரிய சக்கரம் இரண்டு வைத்த, துணியால் ஆன பெட்டி.

என் பெட்டியை மட்டும் இரவல் கேட்காதே. டிசம்பரில் ஜப்பான் போகிறேன், இதைத்தான் எடுத்துப்போகிறேன். துண்டை இப்போதே உள்ளே வைத்துவிட்டேன்.