பம்பை மாற்றச் சொல்லாத எலக்ட்ரீஷியன்

கோவை சிங்காநல்லூர் பக்கம் உள்ள சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இது. மேடு ஏறும்போது என் பழைய பெட்ரோல் கார் இழுக்காமல் திணறியது. வேறொரு இடத்தில் பார்த்ததுமே, பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ஃபியூயல் பம்ப் போச்சு என்றார்கள். இந்த அண்ணன் முதலில் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தார்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.2. "கனெக்டரைக் கழற்றி அளந்தா முழு வோல்ட்டும் காட்டும் சார், கரண்ட் ஓடும்போதுதான் குறை தெரியும்" என்றார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை பம்பின் பாசிட்டிவிலும் வைத்தால் 2.6, அதாவது அந்த வழியில் அவ்வளவு வோல்ட் வீணாகிறது. கரண்ட் திரும்பி வரும் எர்த் பக்கம் வெறும் 0.1. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்து, ரிலே (பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) சாக்கெட்டில் கருகிப்போன டெர்மினலைப் பிடித்தார். வோல்ட் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், பிரஷர் இறங்கும், திணறல் அதனால்தான்.

சாக்கெட்டும் ரிலேயும் மாற்றி, திரும்ப அளந்து காட்டினார். கூலியோடு 850 ரூபாய். பம்ப் விலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குறை என்றால், நிறுத்த இடமே இல்லை. பில்லும் கேட்டால்தான் எழுதுவார். போன் செய்துவிட்டுப் போங்கள்.