அம்மாவோடு ஜவ்வாது மலைக்கு வாடகைக் கார்: எடுக்கலாமா?

வேலூரில் டிரைவரோடு கார் எடுத்து ரெண்டு நாள் ஜவ்வாது மலை போய்வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், அதிலும் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்காக. அக்டோபர் கடைசியில் நானும் அம்மாவும் மட்டும் போனோம். டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. பில் விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் அவர்கள் அனுப்பிய டிரைவர் தங்கம்.

முதலில் ஏன் இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். பிறந்தது விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அம்மாவின் தாத்தா உப்பும் துணியும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் வரைக்கும் போவாராம், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் அதைக் கொடுத்துவிட்டு புளி, சாமை, தேன் என்று ஏற்றிக்கொண்டு நாலாம் நாள் திரும்புவாராம். அண்ணன் தம்பிகளை ஏற்றிப் போனவர் அம்மாவை மட்டும் ஒருதரம்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மலை" என்று சொல்லிவிட்டாராம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன். இந்த வருஷம் அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியதும், இனி தள்ளிப்போட வேண்டாம் என்று சென்னையிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

வாடகைக் கணக்கு இதுதான். செடான் வண்டி கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 500. நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு வைப்பார்கள். நாங்கள் ரெண்டு நாளில் ஓடியது 238, ஆனால் 500க்குக் கட்டினேன். இதையாவது புக் பண்ணும்போதே சொன்னார்கள், நான்தான் ஒத்துக்கொண்டேன். ஹில் சார்ஜ் 400 ரூபாய் என்பதைச் சொல்லவே இல்லை, கடைசியில் பில்லில்தான் பார்த்தேன். மொத்தம் 8,400, டோல் தனி. மலைக்குப் போகிறோம் என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தேன், அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? இவ்வளவு குறைந்த தூரத்துக்கு கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், நாள் வாடகை என்று பேசுங்கள், எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

காலை 6 மணிக்கு வரச் சொன்னால் 5.50க்கு வாசலில் வண்டி நின்றது. உள்ளே சுத்தம். சென்ட் வாசனை இல்லை, அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளாது. டிரைவர் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். அம்மா தம்பி என்றார், அவர் அம்மா என்றே கூப்பிட்டார்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் ஆரம்பித்தோம். சாமிக்குத் தமிழில் வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வணிகர் ஒருவருக்குக் காவலாகக் கூடவே நடந்து வந்தார் என்பது தலபுராணம், அதனால் எங்கள் குடும்பத்தில் வண்டி கட்டும் முன்னால் இங்கே ஒரு கற்பூரம் ஏற்றாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். பிரகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அரைவட்டமாக எண்கள் செதுக்கி, மேலே ஒரு பள்ளம். அம்மா குனிந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார், நிழல் ஏழைத் தொட்டுக்கொண்டு நின்றது. என் போனில் 7.10. தாத்தா அம்மாவுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லில்தானாம். இத்தனை வருஷம் இதை எனக்குச் சொன்னதே இல்லை!

அங்கிருந்து அம்மாவின் ஊர். கூகுள் மேப் காட்டிய தெரு கார் போகிற அகலம் இல்லை. டிரைவர் இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வேறு பக்கமாக, ஆற்றோரமாகச் சுற்றிக் கொண்டுவந்து விட்டார். வீடு போய்விட்டது, புதுசாகக் கட்டிவிட்டார்கள். அம்மா அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, நேராக ஆற்றுக்குத்தான் போனார். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை டிவியில் பார்த்து அழுதவர் அவர், இப்போது நடுவில் மெல்லிசாக ஒரு ஓடை மட்டும் இருந்தது, மீதியெல்லாம் மணலும் கருவேலமும். ஓடையிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து ரெண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை ஆழம் போனதும் அடியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. ஓரத்து மணல் சரியச் சரிய ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "கொட்டாங்கச்சியில மொண்டு மொதோ தண்ணிய வெளிய ஊத்தணும் பாப்பா, அப்புறம் தெளியும் பாரு" என்றார். தெளிந்தது. ஆனால் குடிக்க விடவில்லை. மேலே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பு சொன்ன விஷயம். முகத்தை மட்டும் கழுவிக்கொண்டார்.

இதில் ஒன்றரை மணி நேரம் போனது. நாங்கள் போட்ட திட்டத்தில் அரைமணிதான். டிரைவர் ஒருதரம்கூட ஹாரன் அடிக்கவில்லை, போன் பண்ணவில்லை. வெயில் ஏறியதும் குடையை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் கொடுத்த 8,400இல் எனக்கு முழு மதிப்பு கிடைத்த இடம் இதுதான். நானே ஓட்டியிருந்தால் பார்க்கிங், நேரம், ஆம்பூரில் பிரியாணி தீர்ந்துவிடும் என்று அம்மாவை எழுப்பிக்கொண்டு வந்திருப்பேன்.

பள்ளிகொண்டாவில் சாலையோரம் ஒரு பாட்டி முள்ளு கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். டிரைவர் தானாக நிறுத்தி, "எங்க பக்கத்துக் காய்மா, இலவம்பாடி" என்றார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அம்மா காம்பு முள்ளைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து ரெண்டு கிலோ எடுத்தார். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டோம், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாணியம்பாடியில் திரும்பி ஆலங்காயம் தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொன்னார் அம்மா, காவலூர் வரைக்கும் பேசவே இல்லை. வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம். யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று 1977இல் கண்டுபிடித்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னதும், "தாத்தா ராத்திரிதான் வண்டி ஓட்டுவாரு, மலைப்பக்கம் நட்சத்திரம் கையில எட்டும்னு சொல்லுவாரு" என்றார்.

ராத்திரி ஜமுனாமரத்தூரில் தங்கினோம். ரூம் சுமார்தான், வெந்நீர் பக்கெட்டில் வந்தது. டிரைவருக்குத் தனி இடம் இல்லை, வண்டியில் படுத்துக்கொள்கிறேன் என்றார், அம்மா சண்டை போட்டுப் பக்கத்தில் 400 ரூபாய்க்கு ஒரு ரூம் எடுக்கவைத்தார். டிராவல்ஸ்காரர்கள் இதை முன்னாலேயே சொல்ல வேண்டும், ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷனை மறுநாள் மலைப்பாதையில் ஓட்டச் சொல்வது சரியில்லை.

மறுநாள் காலை பீமன் அருவி. மழை பெய்திருந்ததால் நல்ல தண்ணீர். படிகள் வழுக்கின, அம்மாவின் முட்டிக்கு அது சரிவராது, பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சாமை வயல் ஓரமாக நிறுத்தினோம், கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டு ஒரு கதிரை வாங்கி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, மிச்சமிருந்த நாலு மணியை என் கையில் போட்டார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. வீட்டுக்கு மூணு கிலோ சாமையும் ஒரு பாட்டில் தேனும் வாங்கினோம்.

இறங்கும்போது போளூர், கண்ணமங்கலம் வழி. வளைவுகளில் நிதானமாக, ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டே ஓட்டினார், பின்னால் வந்த பைக்காரர்கள் கத்தினாலும் வேகம் கூட்டவில்லை. மாலை 5 மணிக்கு சத்துவாச்சாரி.

டிராவல்ஸுக்கு அஞ்சுக்கு மூணு தருவேன், டிரைவருக்கு அஞ்சுக்கு அஞ்சு. கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போக அம்மா மறுபடி வண்டி சொல்லச் சொல்லியிருக்கிறார், இந்தத் தரம் என் சித்தியும் வருகிறார். போன் பண்ணி நாள் வாடகைதான் தருவேன் என்று பேசி, 2,800க்கு ஒத்துக்கொண்டார்கள். அதே தம்பிதான் வரவேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன், அதையும் எழுதி வாங்கிவிட்டேன்.