பினாங்குப் பூங்கா நிகழ்ச்சிகள்: போஸ்டரை நம்பாதீர்கள், எங்கள் அப்பாவைக் கேளுங்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நடைப்பயணம், செனாம்ரோபிக் என்கிற இசைக்கு ஆடும் உடற்பயிற்சி, பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி, அதிர்ஷ்டக் குலுக்கு, முதலில் வருகிறவர்களுக்கு டி-சட்டை இலவசம். மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே பதிவு செய்யலாம் என்று லிங்க்கைத் தட்டினால் இடமில்லை என்று மலாயில் ஒரே வரி. டி-சட்டை யாருக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் அப்பாவிடம் அப்படி நாலு டி-சட்டை இருக்கிறது, எல்லாமே எக்ஸ்எல், எல்லாமே மஞ்சள் இல்லாவிட்டால் ஆரஞ்சு.

அப்பாவுக்கு 71 வயது. போனில் போஸ்டரைத் திறந்து பார்க்கக்கூட வராது. தினமும் விடியற்காலையில் தண்ணீர்மலைப் பூங்காவில் நடக்கிறார், அவ்வளவுதான். அங்கே யாரோ ஒரு சீனத் தாத்தா சொல்லுவார், அவருக்கு பூங்காவில் வேலை பார்க்கிறவர் சொல்லியிருப்பார், செவ்வாய்க்கிழமையே விஷயம் வீட்டுக்கு வந்துவிடும். நான்தான் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருந்தேன். போன வருடம் மூத்தவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஆறு, விடுமுறை முழுக்க டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், தீவில் இலவசமாகவோ கொஞ்சப் பணத்திலோ நடக்கிற எல்லாவற்றுக்கும் இவர்களை இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். ஒரு வருடம் அலைந்த அனுபவம் இது. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்மலைப் பூங்கா. பலகையில் பினாங்கு தாவரவியல் பூங்கா என்று இருக்கும், மலாய்க்காரர்களுக்கு அது கெபுன் புங்கா, பழைய ஆட்களுக்கு வாட்டர்ஃபால் கார்டன், முருகன் கோயில் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் வீட்டில் அதுவும் தண்ணீர்மலைதான். 1884-இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அது கருங்கல் உடைக்கிற குவாரி. சார்லஸ் கர்ட்டிஸ் என்கிற ஆங்கிலேயர்தான் முதல் கண்காணிப்பாளராக இருந்து அந்தக் குழியையும் பாறையையும் தோட்டமாக மாற்றியவர். கட்டணம் கிடையாது. இது மாநிலத்தின் பூங்கா, மாநகர் கழகத்துடையது அல்ல. பல பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான இடத்துக்குப் போன் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.

இங்கே நடக்கிற நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை எதற்கும் போஸ்டர் கிடையாது. காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தாய் ச்சி, இன்னொரு பக்கம் சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சீன ஆன்ட்டிகள் வரிசையாக ஆடுகிறார்கள், கொஞ்சம் தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாதிரி இருக்கிற ஒரு கூட்டம் கையைச் சுழற்றிக்கொண்டே அரசியல் பேசுகிறது. யார் போய் நின்றாலும் இடம் விடுகிறார்கள். சின்னவள் மூன்றாம் நாளே ஆன்ட்டிகள் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டாள், யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை, அடுத்த வாரம் அவளுக்கு என்று ஒரு விசிறி கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் காசு கட்டிச் சேர்த்த எந்த நடன வகுப்பிலும் அவள் இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

மூத்தவனுக்கு ஆட்டம் எல்லாம் ஆகாது. அவனை அப்பா நாகலிங்க மரத்தடிக்குக் கூட்டிப் போனார். ஊரில் சிவன் கோயில்களில் வைப்பார்கள், அதனால் நம் மரம் என்றுதான் நினைத்திருந்தேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாம், இங்கிலீஷில் பீரங்கிக்குண்டு மரம். காயைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம், பூவைப் பார்த்தால் நாகலிங்கம்தான் பொருத்தம். தலைக்கு மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று அவன் அரை மணி நேரம் கேள்வி கேட்டான். டேப்லெட் அன்று முழுக்கக் காடிக்குள்ளேயே, அதாவது காருக்குள்ளேயே கிடந்தது.

குரங்கு விஷயத்தில் கொஞ்சம் கவனம். பிளாஸ்டிக் பை என்றாலே அதற்குள் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். நாங்கள் ரொட்டி சானாய் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நுழைந்த முதல் நாளே ஒன்று வந்து பறித்துக்கொண்டது. பருப்புக் கறியை மட்டும் கீழே ஊற்றிவிட்டு ரொட்டியோடு மரத்தில் ஏறி உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. சாப்பாடு போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், போடுகிறவர்களும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால்தான் இந்தத் துணிச்சல். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் குரங்குகளும் உண்டு, அவை நம் பக்கமே வராது, இலை தின்கிற சாது ஜாதி. மேலே ஏறுகிற தெம்பு இருக்கிறவர்களுக்கு, வாசலிலிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிக்குப் போகிற ஜீப் ரோடு ஐந்து கிலோமீட்டர், செங்குத்து. நான் பாதியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தவள். அதைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை.

அப்புறம் யூத் பார்க். அதே வட்டாரம், குவாரி ரோடு பக்கம், இதுதான் மாநகர் கழகத்துப் பூங்கா. 1972-இல் திறந்தது, என் கணவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாரணர் முகாமுக்கு வந்த இடம். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடக் குளங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. ஆழமில்லாத குளங்கள்தான், நீச்சல் கற்றுக்கொள்கிற இடமில்லை, ஆனால் ஆறு வயதுக்கு அதைவிட என்ன வேண்டும்? வார நாளில் பள்ளி விடுமுறையாக இருந்தாலும் காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனால் தண்ணீரைவிடத் தலைதான் அதிகம். மாற்றுத் துணி, துண்டு, பெரிய பாட்டிலில் தண்ணீர், எல்லாம் கொண்டு போங்கள். கூழாங்கல் பதித்த பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று அப்பா சொல்கிறார். எனக்கு நாலாவது அடியிலேயே உயிர் போய்விட்டது. அந்தப் பாதையைத் தவிர வேறு குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுவும் கல்லின் குற்றமில்லை.

இப்போது வயிற்றெரிச்சல் கதை. ஒரு குடியிருப்புப் பகுதி மண்டபத்தில் மூன்று நாள் விடுமுறை முகாம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், அது எந்த இடம் என்பதும் வேண்டாம். தலைக்கு 60 ரிங்கிட், இரண்டு பிள்ளைகளுக்கு 120. இயற்கை நடை, பாரம்பரிய விளையாட்டு, கைவேலை என்று அட்டவணையில் போட்டிருந்தது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். கௌரவ விருந்தினர் பத்தே காலுக்கு வந்தார். அதுவரை ஐம்பது பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மைக் சோதனை மட்டும் விடாமல் நடந்தது. அப்புறம் பேச்சு, அதன் பிறகு இன்னொரு பேச்சு, போட்டோ, மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) பொட்டலம், மணி பன்னிரண்டு. இரண்டாம் நாள் மழை. மழை வந்தால் என்ன செய்வது என்று ஒருவர்கூட யோசித்து வைக்கவில்லை, கலர் பென்சிலையும் ஒரு தாளையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் அனுப்பவே இல்லை. சான்றிதழ் மட்டும் சரியாக வந்து சேர்ந்தது, சின்னவள் பெயரில் ஓர் எழுத்து குறைச்சலோடு.

ஒரு முகாமை வைத்து எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஆனால் கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. எங்கே மேடை போட்டு நாற்காலி வரிசை வைக்கிறார்களோ அங்கே பிள்ளைகளுக்கு வேலை இல்லை, அவர்கள் கூட்டம் காட்டத்தான் வேண்டும். எங்கே வாராவாரம் அதே நேரத்தில் அதே ஆட்கள் வந்து நிற்கிறார்களோ அங்கே பிள்ளைகளும் நாலு வாரத்தில் ஏதோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: திறந்து வைக்க யாராவது வருகிறார்களா, மழை வந்தால் எங்கே போவீர்கள்? பினாங்கில் மழைக் கேள்வி முக்கியம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் வெளியில் எதையும் நம்பி வைக்க முடியாது. ஜனவரி, பிப்ரவரி என்றால் புல்லே காய்ந்து கிடக்கும், அப்போது கவலை வேறு, வெயில்.

நான் சொன்ன கணக்குக்கு ஒரே ஒரு விலக்கு ஜூலை மாதம். 2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்த நாள் மாநிலத்தில் பொது விடுமுறை, அதையொட்டி பழைய நகரத்துத் தெருக்களில் கொண்டாட்டம் நடக்கும். மேடை உண்டு, பேச்சு உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் அதன் முன்னால் நிற்பதில்லை, சந்துகளில்தான் இருக்கிறது. ஒரு மலாய்ப் பாட்டி பாயை விரித்து சோங்காக் பலகையோடு உட்கார்ந்திருந்தார். மூத்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, மா, இது தாத்தா வீட்டுப் பல்லாங்குழி, என்றான். குழி எண்ணிக்கை வேறு, கணக்கு கொஞ்சம் வேறு, மற்றபடி அதேதான். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, இவன் மலாய் பள்ளிக்கூடப் புத்தக மலாய், இருந்தாலும் ஒரு மணி நேரம் விளையாடினார்கள். பாட்டி மூன்று ஆட்டமும் ஜெயித்தார், விட்டுக்கொடுக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியா வந்து சாப்பிட்டோம். காடியை எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள், அன்று பார்க்கிங் தேடினால் கொண்டாட்டம் முடிந்துவிடும்.

கர்னி பே பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். கடலை மண்போட்டு மேடாக்கிய நிலத்தில் போட்ட புதுப் பூங்கா, 2024-இல் திறந்தது. சறுக்குப் பலகை ஓட்டுகிற இடம் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் காற்று வாங்க நல்ல இடம். மரங்கள் இன்னும் சின்னது, காலை பத்து மணிக்கு மேல் குடை இல்லாமல் நிற்க முடியாது. பத்து வருடம் கழித்துச் சொல்கிறேன்.

தைப்பூசத்தைப் பூங்கா நிகழ்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பூங்காவுக்குப் போகிற அந்த ரோடு வருடத்தில் முழு வேகத்தில் வேலை செய்வது அந்த இரண்டு மூன்று நாள்தான். ரோடு நெடுகத் தண்ணீர்ப் பந்தல், வழியெல்லாம் உடைத்த தேங்காய், படி ஏறிக் கோயிலுக்குப் போகிற கூட்டம். கூட்டம் கலைந்த பிறகு துப்புரவுப் பணியாளர்கள் அந்தக் குப்பை மலையை எடுக்கிறதைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். நாம் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கப்பை அங்கேயே போடுகிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால் தண்ணீர்மலைப் பூங்காவுக்கு ஐந்துக்கு ஐந்து, குரங்குக்காக அரை குறைக்கலாம் என்று நினைத்தேன், மனசு வரவில்லை. யூத் பார்க்குக்கு நாலரை. ஜூலைக் கொண்டாட்டத்துக்கு நாலு, பார்க்கிங்குக்காக ஒன்று போச்சு. அந்த முகாமுக்கு சான்றிதழையே திருப்பிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

காடி இல்லாதவர்களுக்கு, ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து ரேபிட் பினாங்கு 10-ஆம் நம்பர் பஸ் பூங்கா வாசல் வரை போகிறது. ஞாயிறு என்றால் காடியில் வருகிறவர்களும் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அதற்கு மேல் ரோட்டோரம் வெகுதூரம் தள்ளித்தான் இடம் கிடைக்கும். திரும்பும்போது வெளியே கடைகளில் ஜாதிக்காய்த் தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து, வருகிற சனிக்கிழமை அவர் கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து கோத்தோங் ரோயோங், அதாவது கூடிச் செய்கிற துப்புரவு வேலை, என்றார். பதிவு எங்கே என்று கேட்டேன். "ஃபாரம் எல்லாம் என்னத்துக்கும்மா, விளக்குமாறு ஒன்னு எடுத்துக்கிட்டு வா" என்றார். டி-சட்டை கிடைக்குமா என்று மூத்தவன் கேட்கிறான்.